முதல் வேட்டை வில்: கையை அளந்துவிட்டுக் கடைக்குப் போங்கள்

செப்டம்பர் பிறந்துவிட்டால் எங்கள் பென்சில்வேனியா அலுவலகத்தில் பேச்சே மாறிவிடும். மதியச் சாப்பாட்டு மேசையில் மான், பரண், காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது என்றுதான் ஓடும். துப்பாக்கிக்காரர்கள் மானுக்கு நவம்பர் கடைசி வரை காத்திருக்க, வில்காரர்கள் அக்டோபர் தொடக்கத்திலேயே காட்டுக்குள் போய்விடுவார்கள். அந்தப் பேச்சைக் கேட்டுக் கேட்டு எனக்கும் ஆசை வந்தது. ஆசை வந்த அடுத்த வாரமே இணையத்தில் ஒருவரிடம் பழைய வில் ஒன்றை வாங்கினேன். இழுப்பு நீளம் 29 அங்குலம், இழுப்பு எடை 70 பவுண்டு. எண்கள் பெரிதாக இருந்தால் வில்லும் நல்லதாக இருக்கும் என்று நினைத்துவிட்டேன்.

என் உயரம் 5 அடி 7 அங்குலம். அந்த வில் என்னைவிட நாலைந்து அங்குலம் உயரமான ஆளுக்கானது. ஒவ்வொரு அம்புக்கும் நாண் என் இடது முன்கையில் சுளீரென்று அறைந்தது. முதல் பருவத்தில் 18 கஜத்தில் ஒரு பெண்மான் வந்து நின்றபோது, குளிரில் விறைத்த தோளோடு 70 பவுண்டை நேராக இழுக்க முடியவில்லை. வில்லை வானத்தைப் பார்த்துத் தூக்கி, பல்லைக் கடித்து இழுத்தேன். அந்த அசைவைப் பார்த்ததும் மான் வாலைத் தூக்கிக்கொண்டு போய்விட்டது. வில்லை வாங்கிய விலையில் பாதிக்கு விற்றேன். இப்போது ஊர்க்காரர்கள் யாராவது "வில் வாங்கணும், எது நல்லது?" என்று கேட்டால், எந்தக் கம்பெனி என்று நான் சொல்வதில்லை. அளவு நாடாவை எடுக்கச் சொல்கிறேன்.

சட்டத்தை முதலில் முடித்துவிடுவோம்

இந்தியாவில் 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி வேட்டை குற்றம். அங்கிருந்து படிப்பவர்களுக்கு இதில் பாதி வெறும் வேடிக்கைதான். ஆனால் இதே காம்பவுண்டு வில்லை, அதாவது இரு முனையிலும் சக்கரம் வைத்த வில்லை, இலக்கு விளையாட்டாக அங்கேயும் கற்கலாம். 2023இல் பெர்லின் உலகப் போட்டியில் காம்பவுண்டு மகளிர் அணித் தங்கத்தை வென்றது இந்தியாதான். 2028 லாஸ் ஏஞ்சலஸ் ஒலிம்பிக்கில் காம்பவுண்டு கலப்பு அணிப் போட்டியும் சேர்ந்திருக்கிறது.

அமெரிக்காவில் இருப்பவர்கள் என்னிடம் முதலில் கேட்பது விசாவைப் பற்றித்தான். மத்திய சட்டத்தின் பார்வையில் வில் துப்பாக்கி வகையில் சேராது. எச்1பி போன்ற விசாவில் இருப்பவர்களுக்குத் துப்பாக்கி விஷயத்தில் உள்ள கட்டுப்பாடும், கடையில் நடக்கும் பின்னணிச் சோதனையும் வில்லுக்குப் பொருந்தாது. அதனால் எந்த இடத்திலும் எப்படியும் எய்யலாம் என்று அர்த்தமில்லை. வேட்டை விதிகள் மாநிலத்துக்கு மாநிலம் மாறும். பென்சில்வேனியாவில் முதல் முறை உரிமம் வாங்குபவர் வேட்டைக் கல்வி வகுப்பை முடித்திருக்க வேண்டும். மானுக்கு வில்லின் இழுப்பு எடை குறைந்தது 35 பவுண்டு, அம்பு முனையின் வெட்டு அகலம் குறைந்தது 7/8 அங்குலம். நியூயார்க்கில் வில் வேட்டைக்கென்று தனி வகுப்பும் உண்டு. ஓஹையோவில் குறைந்தபட்சம் 40 பவுண்டு. உங்கள் மாநிலத்தின் இந்த ஆண்டு விதிப்புத்தகத்தை இறக்கிப் படித்துவிட்டு மேலே போங்கள். இலவசம்தான்.

இந்தச் சக்கரங்கள் எதற்கு?

மிசௌரிக்காரர் ஹாலெஸ் வில்பர் ஆலன் 1966இல் விண்ணப்பித்து 1969 கடைசியில் காப்புரிமை பெற்ற கண்டுபிடிப்பு இது. சாதாரண வில்லில் இழுக்க இழுக்கப் பாரம் கூடிக்கொண்டே போகும். முழுதாக இழுத்து நிறுத்தும்போதுதான் கை அதிகம் நடுங்கும். குறி பார்க்க வேண்டிய நேரமும் அதுதான். ஆலன் வில்லின் இரு முனைகளிலும் மையம் விலகிய சக்கரங்களை வைத்தார். கிணற்றுக் கப்பி மாதிரிதான், ஆனால் அச்சு நடுவில் இல்லாத கப்பி. பாதி இழுப்பில் பாரம் உச்சத்துக்குப் போய், கடைசியில் சட்டென்று விழுந்துவிடும். இந்தச் சக்கரத்தைக் கேம் என்கிறார்கள். கடைசியில் பாரம் விழும் அளவுக்கு லெட்-ஆஃப் என்று பெயர்.

60 பவுண்டு வில்லில் 80 சதவீத லெட்-ஆஃப் இருந்தால், முழு இழுப்பில் உங்கள் விரலில் நிற்பது 12 பவுண்டு மட்டுமே. மான் மரத்துக்குப் பின்னாலிருந்து வெளியே வரும்வரை ஒரு நிமிடம் இழுத்த வில்லோடு காத்திருக்கலாம் என்பது இதனால்தான். இன்றைய வேட்டை வில்களில் 75 முதல் 90 சதவீதம் வரை உண்டு. புதியவருக்கு 80ஐ ஒட்டி எது இருந்தாலும் போதும். இதை வைத்து வில்லைத் தேர்ந்தெடுக்க வேண்டியதில்லை.

நடுவில் நீங்கள் பிடிக்கும் உலோகப் பகுதி ரைசர். அதிலிருந்து மேலும் கீழும் பிரிவது லிம்ப். இந்த இரண்டு சொற்களும் தெரிந்தால் கடையில் பேச்சு புரியும்.

எந்தக் கண்?

இரண்டு உள்ளங்கைகளையும் நீட்டி, கட்டைவிரல்களுக்கு நடுவே சின்ன முக்கோண ஓட்டை செய்து, அதன் வழியாகத் தூரத்தில் ஒரு சுவிட்சைப் பாருங்கள். ஒவ்வொரு கண்ணாக மூடுங்கள். எந்தக் கண் திறந்திருக்கும்போது சுவிட்ச் ஓட்டைக்குள்ளேயே நிற்கிறதோ, அதுதான் உங்கள் ஆதிக்கக் கண். வலக்கண் என்றால் வலக்கை வில்: இடது கையில் பிடித்து, வலது கையால் இழுப்பது.

வலது கையால் எழுதுபவருக்கு இடக்கண் ஆதிக்கமாக இருந்தால் குழப்பம்தான். புதிதாகத் தொடங்குபவர் கண்ணைப் பின்பற்றி இடக்கை வில் வாங்குவது நல்லது என்பது என் எண்ணம். கை சில வாரங்களில் பழகிவிடும், கண் அப்படிப் பழகாது. வாங்கிய பிறகு மாற்ற முடியாது. இடக்கை வில்லும் வலக்கை வில்லும் வேறு வேறு பொருள்கள்.

டிரா லென்த்: இங்கேதான் எல்லாம்

காம்பவுண்டு வில்லை ஒரு குறிப்பிட்ட நீளத்துக்கு மேல் இழுக்க முடியாது. கேம் சுவரில் முட்டினதுபோல நின்றுவிடும். அந்த நீளம்தான் டிரா லென்த், அதாவது இழுப்பு நீளம். அது உங்கள் உடம்புக்குச் சரியாக இருக்க வேண்டும். செருப்பு அளவு மாதிரி. பத்தாம் எண் காலுக்கு எட்டாம் எண் செருப்பை யாரும் "பழகிவிடும்" என்று வாங்க மாட்டார்கள். வில்லில் மட்டும் அப்படி வாங்குகிறார்கள்.

அளப்பது சுலபம். சுவரில் முதுகைச் சாய்த்து, இரு கைகளையும் பக்கவாட்டில் இயல்பாக விரியுங்கள். நெஞ்சை நிமிர்த்தி நீட்ட வேண்டாம். ஒரு நடுவிரல் நுனியிலிருந்து மறு நடுவிரல் நுனி வரை வீட்டில் யாரையாவது அளக்கச் சொல்லுங்கள். அந்த அங்குலத்தை 2.5ஆல் வகுங்கள். எனக்கு 67, வகுத்தால் 26.8. அதாவது 27 அங்குல வில். என் மனைவிக்கு 62, வகுத்தால் 24.8, அவளுக்கு 25. நான் முதலில் வாங்கிய 29 எவ்வளவு தூரம் விலகி இருந்தது என்று இப்போது புரியும்.

இது தொடக்கக் கணக்குதான். கடைசி முடிவு, முழுதாக இழுத்து நிற்கும்போது ஒருவர் பக்கத்திலிருந்து பார்த்துச் சொல்வது. இழுத்த நிலையில் நாண் மூக்கு நுனியை லேசாகத் தொட வேண்டும். இழுக்கும் கையின் முழங்கை அம்புக்கு நேர்பின்னால் இருக்க வேண்டும். முகத்தை முன்னே நீட்டியோ பின்னே சாய்த்தோ நாணைத் தேடக் கூடாது. நீளம் அதிகமானால் உடம்பு பின்னால் சாயும், வில் பிடித்த கை விறைத்து நீளும், நாண் முன்கையில் அடிக்கும். சந்தேகம் வந்தால் அரை அங்குலம் குறைவாகவே வையுங்கள். சற்றுக் குறைவான நீளத்தில் நன்றாக எய்துவிடலாம். அதிகமான நீளத்தில் முடியாது.

நம் ஆட்களுக்கு இதில் தனியாகச் சொல்ல ஒன்று இருக்கிறது. கடையில் தொங்கும் வில்களைப் பெரும்பாலும் 28, 29 அங்குலத்துக்கு வைத்திருப்பார்கள். நம் ஆண்களில் பலருக்கு 26 முதல் 27.5, பெண்களுக்கு 24 முதல் 25.5 என்றுதான் வரும். அந்த வில்லின் நீள வீச்சு எங்கே தொடங்குகிறது என்று கேளுங்கள். "மாற்றிக்கொள்ளலாம்" என்று சொன்னால், எப்படி மாற்றுவது என்றும் கேளுங்கள். சில வில்களில் கேமில் உள்ள மாட்யூல் என்ற சிறு தகட்டைத் திருகாணி தளர்த்தித் திருப்பினால் போதும். சிலவற்றில் வேறு மாட்யூல் வாங்க வேண்டும். இன்னும் சிலவற்றில் கேமையே மாற்ற வேண்டும். அதற்கு வில்லை அமுக்கிப் பிடிக்கும் பிரஸ் இயந்திரமும் தெரிந்த ஆளும் தேவை. என் பழைய வில் அந்தக் கடைசி வகை. அதற்கான கேமைத் தயாரிப்பதையே நிறுத்தியிருந்தார்கள்.

எத்தனை பவுண்டு?

டிரா வெயிட் என்றால் இழுப்பில் வரும் உச்ச பாரம். எல்லா ஆண்களும் 70 வேண்டும் என்றுதான் தொடங்குகிறார்கள். கடைக்காரரின் முன்னால் 50 என்று சொல்ல வெட்கம். கடையில் ஹீட்டர் சூட்டில் 70 பவுண்டை மூன்று முறை இழுத்துவிடலாம். பரணில் அசையாமல் மூன்று மணிநேரம் உட்கார்ந்து, தடித்த கோட்டோடு, ஓசையில்லாமல், மான் பார்க்காத அந்த இரண்டு விநாடிக்குள் இழுப்பது வேறு விஷயம்.

ஒரு சோதனை இருக்கிறது. நாற்காலியில் உட்காருங்கள். பாதங்களைத் தரையிலிருந்து தூக்குங்கள். வில்லை இலக்குக்கு நேராக நீட்டி, மேலே தூக்காமல் நிதானமாக இழுங்கள். முகம் சுளிக்காமல் இழுத்து, அரை நிமிடம் நிறுத்தி, அதே நிதானத்தோடு திரும்ப விட முடிந்தால் அந்த எடை உங்களுடையது. முடியவில்லை என்றால் ஐந்து பவுண்டு குறையுங்கள். பயிற்சி இல்லாத ஆண்களில் பலர் 45 முதல் 55க்குள் வந்து நிற்பார்கள். பெண்கள் பலர் 35 முதல் 40. ஆறு மாதம் எய்தால் முதுகுத் தசை வலுப்பெறும், பிறகு ஏற்றிக்கொள்ளலாம்.

பெரும்பாலான வில்களில் லிம்பைப் பிடிக்கும் திருகாணியைத் தளர்த்தி உச்சத்திலிருந்து பத்துப் பவுண்டு வரை குறைக்கலாம். 60 பவுண்டு வில் என்றால் 50 முதல் 60 வரை. திருகாணியை எத்தனை சுற்றுக்கு மேல் தளர்த்தக் கூடாது என்பதைக் கையேட்டில் பாருங்கள். அதைத் தாண்டினால் லிம்ப் கழன்று முகத்தில் அடிக்கும்.

சரி, 50 பவுண்டில் மான் விழுமா? விழும்.

வேகம் என்ற மாயை

வில்லின் மேல் 330, 340 என்று ஓர் எண் எழுதியிருப்பார்கள். விநாடிக்கு இத்தனை அடி வேகம். இது 70 பவுண்டு எடையில், 30 அங்குல இழுப்பில், 350 கிரெயின் (சுமார் 23 கிராம்) எடையுள்ள மெல்லிய அம்பை எய்து அளந்தது. நீங்கள் அந்த ஆள் இல்லை, உங்கள் அம்பும் அந்த அம்பு இல்லை.

330 என்று எழுதிய வில்லை எடுத்துக்கொள்வோம். ஓர் அங்குல இழுப்பு குறைந்தால் சுமார் 10 அடி போகும். 27 அங்குலக்காரருக்கு 30 போயிற்று. ஒரு பவுண்டுக்கு சுமார் 2 அடி. 60 பவுண்டு என்றால் 20 போயிற்று. அம்பில் மூன்று கிரெயின் கூடினால் ஏறக்குறைய ஓர் அடி; 400 கிரெயின் அம்புக்கு 17. நாணில் கட்டும் பீப் (குறி பார்க்கும் சிறு வளையம்), டி-லூப் (நாணைப் பிடித்து இழுக்கும் சிறு கயிற்று வளையம்) எல்லாம் சேர்ந்து இன்னும் கொஞ்சம் தின்னும். கையில் மிஞ்சுவது 255ஐ ஒட்டி.

அம்பின் ஆற்றலைக் கணக்கிட வேகத்தின் வர்க்கத்தை அம்பின் எடையால் பெருக்கி 450,240ஆல் வகுக்க வேண்டும். 400 கிரெயின், 255 அடி என்றால் ஏறக்குறைய 58 அடி-பவுண்டு வரும். 50 பவுண்டு வில்லில் வேகம் 235 என்று வைத்தாலும் 49 வருகிறது. அம்பு செய்யும் ஈஸ்டன் நிறுவனத்தின் அட்டவணையில் மானுக்குத் தேவை 25 முதல் 41 வரை. அப்புறம் எதற்கு இந்த 70? கொல்லிமலை வல்வில் ஓரியின் ஒரே அம்பு யானை, புலி, மான், பன்றி எல்லாவற்றையும் துளைத்து உடும்பில் போய்த் தைத்ததாம். நமக்கு ஒரு மானின் நுரையீரல் போதும்.

"வேகமான அம்பு என்றால் மான் தப்பாதே" என்பார்கள். இதையும் கணக்குப் போட்டுப் பார்க்கலாம். 20 கஜம் என்றால் 60 அடி. 255 வேகத்தில் அம்பு போக கால் விநாடிக்கும் சற்றுக் குறைவு. வில்லின் சத்தம் விநாடிக்கு 1,100 அடிக்கும் மேல் பாயும். அம்புக்கு வெகு முன்னால் மானின் காதை எட்டிவிடும். மான் திடுக்கிட்டு, பாய்வதற்காக உடம்பைத் தாழ்த்தும். அம்பு முதுகுக்கு மேலே போய்விடும். வேகத்தை 285 ஆக்கினாலும் நீங்கள் மிச்சம் பிடிப்பது விநாடியில் நாற்பதில் ஒரு பங்குதான். சத்தம் குறைவான வில்லும் கொஞ்சம் கனமான அம்பும் அதைவிட உதவும். கனமான அம்பு வில்லின் ஆற்றலில் அதிகப் பங்கை வாங்கிக்கொள்ளும். அதனால் சத்தமாகவும் அதிர்வாகவும் போவது குறையும். 40 கஜத்தில் மானுக்குக் கிடைக்கும் நேரம் இரட்டிப்பாகிவிடும். புதியவர்கள் 20, 25 கஜத்தைத் தாண்டாமல் இருப்பது இதற்காகவும்தான்.

மற்ற அளவுகள், வேகமாக

இரு கேம்களின் அச்சுகளுக்கு இடையே உள்ள தூரத்தை ஆக்ஸில் டு ஆக்ஸில் என்பார்கள். வேட்டை வில்களில் பொதுவாக 28 முதல் 33 அங்குலம். நீளமான வில் கையில் ஆடாமல் நிற்கும், குட்டையான வில் பரணில் கிளை தட்டாது. இழுப்பு நீளம் அதிகமானவர்களுக்குக் குட்டை வில்லில் நாண் மூக்கருகே கூர்மையாக மடியும். நமக்கு அந்தத் தொல்லை குறைவு. 30, 31 தாராளம்.

பிரேஸ் ஹைட் என்பது இழுக்காத நிலையில் வில்லின் கைப்பிடிக்கும் நாணுக்கும் உள்ள இடைவெளி. 6 அங்குலம் என்றால் வேகம், 7 என்றால் பிழை பொறுக்கும். 6.5க்குக் குறையாமல் வாங்குங்கள்.

எதை வாங்குவது, எவ்வளவுக்கு

முதல் வில்லுக்கு, நீளமும் எடையும் பெரிய வீச்சில் மாறக்கூடிய வில்லைத்தான் சொல்வேன். டயமண்ட் இன்ஃபினிட் எட்ஜ் ப்ரோ 13 முதல் 31 அங்குலம் வரை, 5 முதல் 70 பவுண்டு வரை போகும். பேர் நிறுவனத்தின் குரூசர் ஜி2 12 முதல் 30 அங்குலம், 5 முதல் 70 பவுண்டு. ஒரே வில்லில் மகன் தொடங்கி அப்பா வரை எய்யலாம். இந்த வகை வில்களை அனுபவசாலிகள் கொஞ்சம் ஏளனமாகப் பார்ப்பார்கள்: இழுப்பு மிருதுவாக இல்லை, கடைசியில் சுவர் பஞ்சு மாதிரி என்று. உண்மைதான். ஆனால் உங்கள் சரியான இழுப்பு நீளம் முதல் ஆண்டில் அரை அங்குலமாவது மாறும், எடை பத்துப் பவுண்டாவது ஏறும். அதற்கெல்லாம் இடம் கொடுக்கும் வில்லோடு முதல் இரண்டு ஆண்டு ஓட்டுங்கள். சுவரின் கெட்டி பற்றிய கவலை பிறகு வரட்டும்.

இவை பெரும்பாலும் ஆர்டிஎச் (ரெடி டு ஹண்ட்) என்ற பொட்டலமாக வரும். குறி பார்க்கும் சைட், அம்பைத் தாங்கும் ரெஸ்ட், அம்பறாத்தூணி, வில்லின் ஆட்டத்தைக் குறைக்கும் ஸ்டெபிலைசர் எல்லாம் பூட்டியே இருக்கும். சுமார் 400 முதல் 700 டாலர். மாத்யூஸ், ஹாய்ட் போன்ற நிறுவனங்களின் உச்ச வில் வெறும் வில்லுக்கே 1,200 டாலருக்கு மேல் போகும். சைட், ரெஸ்ட் தனி. அருமையான வில்கள்தான். உங்கள் இரண்டாவது வில்லாக இருக்கட்டும்.

கையில் 1,000 டாலர் இருந்தால் அறுநூறுக்கு மேல் வில்லில் போடாதீர்கள். மீதி எங்கே போகும் என்று சொல்கிறேன். நாணைப் பிடித்து இழுத்து விடும் ரிலீஸ் என்ற கருவி பொட்டலத்தில் இருக்காது. மணிக்கட்டில் வார் கட்டி ஆள்காட்டி விரலால் விடுவிக்கும் வகை முதலில் போதும். வாரில் பக்கிள் இருப்பதைப் பாருங்கள். வெல்க்ரோ பரணில் கிழிக்கும்போது ஊரே கேட்கும். அரை டஜன் அம்பு, மூன்று பிராட்ஹெட் (பிளேடு வைத்த வேட்டை) முனை, வீட்டுக் கொல்லையில் வைக்க ஓர் இலக்கு, பரணில் ஏறப் பாதுகாப்பு வார். இந்தக் கடைசிப் பொருளில் சிக்கனம் வேண்டாம். வில் வேட்டைக்காரனுக்கு வில்லைவிட ஆபத்தானது பரண்தான். அம்போடு வில்லைக் கையில் பிடித்துக்கொண்டு ஏணி ஏறாதீர்கள். மேலே போய் உட்கார்ந்து, வாரைப் பூட்டியபின் கயிற்றால் வில்லை இழுத்துக்கொள்ளுங்கள்.

30 பவுண்டும் அதற்கு மேலும் உள்ள வில்லின் விலைக்குள் உற்பத்தியாளர் கட்டும் 11 சதவீத மத்திய வரி ஒளிந்திருக்கிறது. 1937இல் துப்பாக்கிக்கும் தோட்டாவுக்கும் என்று தொடங்கி, பின்னர் வில்லுக்கும் நீண்ட பிட்மன்-ராபர்ட்சன் வரி. அந்தப் பணம் மாநிலங்களின் வனவிலங்குப் பணிகளுக்குப் போகிறது.

கடையில் நடந்துகொள்ள வேண்டிய விதம்

இணையத்தில் ஐம்பது டாலர் மலிவாகக் கிடைக்கும். வேண்டாம். வில் மட்டும் செய்யும் சிறு கடையாகப் பாருங்கள், உள்ளேயே எய்து பார்க்க இடம் உள்ள கடை. அங்கே நீங்கள் கொடுக்கும் கூடுதல் ஐம்பது டாலர் பீப்பை உங்கள் கண் மட்டத்துக்குக் கட்டுவது, டி-லூப், ரெஸ்ட் சீரமைப்பு எல்லாவற்றுக்கும் கூலி. முதலில் கேட்க வேண்டிய கேள்வி, "என் இழுப்பு நீளத்தை அளப்பீர்களா?" அளக்காமலேயே வில்லை எடுத்து நீட்டினால் நன்றி சொல்லிவிட்டு அடுத்த கடைக்குப் போங்கள்.

மூன்று வில்லாவது எய்து பாருங்கள். விலையைப் பார்க்காமல், பெயரைக்கூடப் பார்க்காமல். இழுக்கும்போது நடுவில் திடுக்கென்று மலை ஏறி இறங்குகிறதா, வழுக்கிக்கொண்டு வருகிறதா என்று கவனியுங்கள். முழு இழுப்பில் கொஞ்சம் தளர்ந்தாலே வில் உங்களை முன்னே பிடுங்கி இழுக்கிறதா? அது புதியவருக்கு ஆகாது.

வாங்கியபின் காகிதச் சோதனை செய்யச் சொல்லுங்கள். சட்டத்தில் கட்டிய காகிதத்தின் வழியாகச் சில அடி தூரத்திலிருந்து எய்வார்கள். ஒரே ஓட்டையும் மூன்று இறகுக் கீறலும் விழுந்தால் அம்பு நேராகப் போகிறது. பக்கவாட்டில் நீளமாகக் கிழிந்தால் ரெஸ்டை நகர்த்துவார்கள். பார்த்துக்கொண்டே நில்லுங்கள், பாதி பாடம் அங்கே இலவசமாகக் கிடைக்கும்.

கடையிலும் வீட்டிலும் ஒன்றை மறக்க வேண்டாம். அம்பு இல்லாமல் இழுத்து விடக் கூடாது. இதை டிரை ஃபயர் என்பார்கள். அம்பு எடுத்துப் போக வேண்டிய ஆற்றல் முழுவதும் லிம்பிலும் கேமிலும் போய் அடிக்கும். நாண் அறுந்து, லிம்ப் வெடித்து, துண்டுகள் பறக்கும். வீட்டுக்கு வரும் விருந்தாளிகள் எல்லோரும் முதலில் செய்ய நினைப்பது இதைத்தான். வில்லைப் பெட்டியில் பூட்டி வையுங்கள்.

பழைய வில் என்றால்

நான் சூடு பட்டவன் என்றாலும் பழையதே கூடாது என்று சொல்ல மாட்டேன். மூன்று, நான்கு ஆண்டுப் பழைய நல்ல வில் பாதி விலைக்குக் கிடைக்கும். அதன் இழுப்பு நீளம் உங்களுடையதாக இருந்தால் மட்டும் போய்ப் பாருங்கள். லிம்ப் முழுவதும் ஒரு பஞ்சுருண்டையைத் தடவுங்கள். எங்காவது இழை மாட்டினால் அங்கே விரிசல். கேமைச் சுற்றிப் பார்த்து வளைவு, பல் விழுந்த இடம் இருக்கிறதா என்று தேடுங்கள். நாண் மயிர் கிளம்பியிருந்தால் மாற்ற வேண்டும். நாணும் கேபிளும் சேர்ந்து நூறு டாலருக்கு மேல் ஆகும், அதை விலையில் கழியுங்கள். கோடையில் காரிலேயே கிடந்த வில்லா என்று கேட்டுப் பாருங்கள். சூட்டில் நாண் நீளும், லிம்பின் ஒட்டு விடும்.

அம்பைப் பொருத்துவது

வில்லுக்கு ஒரு மணிநேரம் செலவழிப்பவர்கள் அம்பை இரண்டு நிமிடத்தில் வாங்குகிறார்கள். அம்பின் விறைப்பை ஸ்பைன் எண்ணால் சொல்வார்கள். 28 அங்குல இடைவெளியில் அம்பைத் தாங்கி நடுவில் 880 கிராம் தொங்கவிட்டால் 0.400 அங்குலம் தாழ்ந்தால் அது 400 ஸ்பைன். எண் குறையக் குறைய விறைப்பு கூடும். 27 அங்குல அம்பு, 60 பவுண்டு, 100 கிரெயின் முனை என்றால் பெரும்பாலும் 400 வரும். 50 பவுண்டு என்றால் 500. அம்பு நிறுவனத்தின் அட்டவணையில் உங்கள் எண்களை வைத்துப் பார்த்து உறுதிப்படுத்துங்கள். அம்பின் மொத்த எடை வில்லின் ஒவ்வொரு பவுண்டுக்கும் 5 கிரெயினுக்குக் கீழே போகவே கூடாது. அது பாதி டிரை ஃபயர் மாதிரி. வேட்டைக்கு 6.5, 7 என்று வையுங்கள்.

கார்பன் அம்பை ஒவ்வொரு முறையும் எய்யும் முன் காதருகே வளைத்துப் பாருங்கள். நெறுக்கென்று சத்தம் கேட்டால் உடைத்துக் குப்பையில் போடுங்கள். விரிசல் விட்ட கார்பன் அம்பு வில்லை விட்டுக் கிளம்பும்போதே சிதறி, வில் பிடித்த கையில் பாயும்.

முனை விஷயத்தில், 50 பவுண்டுக்காரர்கள் விரியும் இறக்கை உள்ள முனையை விட்டுவிட்டு நிலையான பிளேடு முனைக்குப் போங்கள். விரியும் முனை தன்னைத் திறந்துகொள்வதற்கே ஆற்றலில் பங்கு கேட்கும். பயிற்சி முனையும் வேட்டை முனையும் ஒரே எடையாக இருக்கட்டும். எடை ஒன்றானாலும் இரண்டும் ஒரே இடத்தில் விழும் என்று நம்பிவிடாதீர்கள். பருவம் திறக்கும் முன் வேட்டை முனையையும் எய்து பாருங்கள். விலகி விழுந்தால் வில்லைக் கடைக்கு எடுத்துப்போங்கள்.

எப்போது வாங்குவது?

பிப்ரவரி, மார்ச். கடையில் கூட்டம் இருக்காது, போன ஆண்டு மாடல் விலை இறங்கியிருக்கும், கடைக்காரருக்குப் பேச நேரம் இருக்கும். ஆகஸ்டில் போனால் உங்களுக்கு முன்னால் இருபது பேர் நிற்பார்கள். இப்போதே ஆகஸ்ட் என்றால் வாங்கிப் பழகுங்கள், வேட்டையை அடுத்த ஆண்டுக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

முதல் இரண்டு வாரம் ஐந்து கஜத்தில், குறி பார்க்காமல் வெறும் இழுப்பும் விடுப்பும். பிறகு 10, 15, 20. மானின் இதயமும் நுரையீரலும் உள்ள இடம் ஏறக்குறைய எட்டு அங்குல வட்டம். ஆறு அங்குலக் காகிதத் தட்டில் ஒவ்வொரு அம்பும் விழும் தூரம்தான் உங்கள் வேட்டைத் தூரம். அது 17 கஜம் என்றால் 17 கஜம். செப்டம்பரில் கோட்டைப் போட்டுக்கொண்டு, உட்கார்ந்தபடி, முடிந்தால் உயரத்திலிருந்து எய்யுங்கள். கோட்டின் கை நாணில் மாட்டுவது அப்போதுதான் தெரியும். கடைசி இரண்டு வாரம் காலையில் எழுந்ததும், உடம்பு சூடாகும் முன்னே, ஒரே ஓர் அம்பு. எங்கே விழுந்தது என்று தேதி போட்டு எழுதி வைத்துவிட்டு வேலைக்குக் கிளம்புங்கள். இரண்டாவது அம்பை எடுக்கத்தான் கை பரபரக்கும். எடுக்காதீர்கள்.